இருபத்தெட்டரை

வியாழக்கிழமை புனலூர் வண்டியில்
செங்கோட்டை வந்து இறங்கினான்
தென்மலைத் தங்கச்சன்.
பித்தளைக் கிண்டி இரண்டு, சாவி இல்லாத பூட்டு,
பனியன் துணியில் முடிந்த காசு.

“ஆயிரத்தி நூற்றிப் பதினாறு, பாருங்க சேச்சி,
வருஷம் தெளிவா இருக்கு.
சோழன் காலம்.
நாலாயிரத்துக்குக் கீழே பேசவேண்டாம்.”

நான் பேசவில்லை.
கடைசிச் சர்க்கரை நோயாளி
பஞ்சை முழங்கை மடிப்பில் அமுக்கியபடி
படியிறங்கிப் போகட்டும் என்றிருந்தேன்.
பிறகு, பகலெல்லாம் ரத்தம் பார்த்த லென்ஸுக்குக் கீழே
திருவிதாங்கூர்ப் பணம் ஒன்றை வைத்தேன்.

கொல்லம் ஆண்டு, தங்கச்சா.
எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டு.

விரல் மடக்கினான். உதடு அசைந்தது.
“எங்க அப்பச்சன் பிறந்த கொல்லமாச்சே”
என்று சிரித்துவிட்டு
சோழனைத் தானே தள்ளி
முந்நூறுக்கு இறங்கினான்.

மீதி எல்லாம் சக்கரம்.
சுண்டுவிரல் நகத்தில் பாதி.
ஊதினால் போய்விடும்,
தும்மினால் தரையெல்லாம் தேடவேண்டும்.
ஒன்றுக்கு மூன்று குன்றிமணி எடை.
நாலு சக்கரம் ஒரு பணம்,
ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய்.
ஆனால் கிழக்கே,
தென்காசிப் பக்கமிருந்து
வெள்ளைக்காரன் ரூபாயோடு வந்தவனுக்கு
இருபத்தெட்டரை.

என்னிடம் உள்ள சக்கரப் பலகையில் இருபத்தெட்டுக் குழி.
ஒரு கை அள்ளிப் போட்டு, ஆட்டி, வழித்தால்
எண்ணாமலே ஒரு ரூபாய்.
அரைக்குக் குழி வெட்டவில்லை எந்த ஆசாரியும்.
எட்டுச் செப்புக்காசு, கையால் எண்ணித் தரவேண்டும்,
கேட்டவனுக்கு.
சங்கு பொறித்த வளைவுக்குள் நுழைந்த அவசரத்தில்
கேட்காமல் போனவர்கள் எத்தனை பேரோ.

இருபத்தொன்பது இருந்தன முடிச்சில்.
ஒன்று மட்டும் தராசில் இளைத்தது.
ஓரத்தில் வெள்ளிப்பூச்சு உரிந்து
ஈயத்தின் சாம்பல்.
திருப்பினேன். சங்கு.
மறுபடி பார்த்தேன்.

அரசாங்கச் சங்கு வலம்புரி.
இது இடம்புரி.

புரிந்தது, அவன் செய்த தவறு.
நல்ல காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
கண்ணில் பட்டபடியே அச்சை வெட்டிவிட்டான்;
அடித்தபோது சங்கு திரும்பிக்கொண்டது.
எந்த ஊர்க் கள்ளனோ,
எந்த மலைச்சரிவில் உலை வைத்தானோ.
முத்துக்குளிப்பவனைக் கேட்டுப் பாருங்கள்,
கடலில் கிடைப்பதெல்லாம் இடம்புரிதான்.
கஜானாவுக்குத்தான் அபூர்வம் வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும்.
மற்ற இருபத்தெட்டும் மழுங்காமல் இருக்கின்றன.
பானைக்குள் புதைத்திருப்பார்கள்,
நல்லதென்று தெரிந்து.
இதுதான் தேய்ந்து கிடக்கிறது, முகமில்லாமல்,
வெற்றிலைக்கும் உப்புக்கும்
ஆரியங்காவு ஏற்றத்தில் வண்டிச்சக்கரத்துக்குக் கல் வைத்தவனுக்கும்
அவன் வாங்கிய கள்ளுக்கும்
கை மாறிக் கை மாறி.
சந்தேகப்பட்டவன் எல்லாம்
அடுத்தவன் கையில் வைத்து அழுத்தியிருக்கிறான்.
பலகைக் குழியும் ஏற்றுக்கொண்டது.
எடை பார்ப்பது குழியின் வேலையல்ல.

அட்டையில் எழுதினேன்:
உலோகம் ஈயம், வெள்ளிப்பூச்சு. ஆண்டு இல்லை.
அடித்த இடம் தெரியவில்லை.
புழக்கம் என்ற கட்டத்தில்
‘மிக அதிகம்’.

“சேச்சி, அது கள்ளமா?” என்றான் தங்கச்சன்.
“எடுத்துக்கோங்க, அதுக்குக் காசு வேண்டாம்.
அப்பச்சன் கட்டில் அடியில் கிடந்தது.
வெளியே சொல்லாதீங்க.”

பணத்துக்கு முந்நூறு.
சக்கரங்களுக்குப் பேசியபடி ஜிபேயில் போட்டேன்.
இதற்கு மட்டும்
மேஜை இழுப்பறையைத் திறந்து
ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து நீட்டினேன்.

வாங்கினான்.
ஒருமுறை என்னைப் பார்த்தான்.
பிறகு எழுந்து போய்
டியூப் லைட்டுக்கு நேரே
தாளைத் தூக்கிப் பிடித்தான்.