குளிர்ந்த ரப்பர்

குளியலறைத் தராசைக் கராஜுக்குத் தூக்கிவந்து
டயர் கழற்றிய வீல்களை
ஒவ்வொன்றாய் ஏற்றி இறக்குகிறாள் மார்லிஸ்.
பழையது பதினெட்டு பவுண்டு.
டுவேன் குபிக் விற்க வைத்திருப்பது பன்னிரண்டரை.
விளிம்பில் சின்ன நெளிவு.
ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகாது என்கிறான்,
விற்கிறவன் வேறென்ன சொல்வான்.

கையில் எண்ணூறு டாலர்.
வீல் என்றால் டயர் இல்லை,
டயர் என்றால் இதே கனம்.
எனக்கு ரப்பர்தான் வேண்டும்,
நகம் பதித்தால் தழும்பு நிற்கிற ரப்பர்.
"ஒரு கோடை தாங்குமா?"
தாங்காது.
நான் பொய் சொல்லவில்லை,
பேச்சை ஆஃப்செட்டுக்குத் திருப்பினேன்.

நெப்ராஸ்கா, கைவிட்ட விமானத்தளம், ஞாயிறு.
காங்கிரீட் இன்னும் இரவை விடவில்லை.
ஒரே மியாட்டா, ஓட்ட இரண்டு பேர்.
நாணயம் சுண்டியதில் அவள் முதல்.

மூன்றாம் திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கி
ஆரஞ்சுக் கூம்பு ஒன்று உருண்டது.
இரண்டு விநாடி அபராதம்.
அத்தனை பவுண்டு குறைத்திருந்தாலும்
அரை விநாடிதான் மிஞ்சியிருக்கும்,
இதை நான் சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாது.

இறங்கியவள் டயர்மேல் உள்ளங்கை வைத்தாள்.
"சூடாகிவிட்டது. ஏறு."
அவள் காய்ச்சிக் கொடுத்த ரப்பரில்
அன்று என் பெயர் பலகையின் உச்சியில்.

திரும்பும் வழியெல்லாம்
மெத்தென்ற டயரில் ஒட்டிய சரளை
சக்கரக் கூட்டுக்குள் தட்டிக்கொண்டே வந்தது.
மார்லிஸ் என்னோடு பேசவில்லை.
டுவேனுக்கு மட்டும் ஒரு செய்தி:
விற்றுவிடாதே.