சேதாரம் போக

பகலில் என் எடைகள் மிகச் சிறியவை.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக்கு முத்து வைக்கும் முன்பும் பின்பும்
கண்ணாடிக் கூண்டுத் தராசில் இட்டு
மூச்சைப் பிடித்தபடி எழுதுவேன்.
மின்விசிறியை நிறுத்தச் சொல்வேன்.
யாராவது தும்மினாலே
கடைசி எண் புரண்டுவிடும்.

விடியும் முன் வேறு கணக்கு.
அம்மாபேட்டையில் விசைத்தறிக் கூடத்துக்கு மேல்மாடி,
பெண்களுக்கு ஐந்தரையிலிருந்து ஆறரை.
கீழே தறி ஓட
சுவர்க்கண்ணாடியில் எங்களுக்கெல்லாம்
எப்போதும் ஒரு மெல்லிய நடுக்கம்.
கம்பி மட்டும் இருபது கிலோ,
தட்டுகளோடு எண்பது.
உள்ளங்கையில் தேய்க்கும் வெள்ளைப் பொடி
நம்ம ஊர் வெள்ளைக்கல் குன்றுக்குத்
தூரத்துச் சொந்தம் என்பாள் மெஹருன்,
கெமிஸ்ட்ரி டீச்சர்,
மூன்று பிள்ளைக்காரி,
தூக்கும்போது மட்டும் கெட்ட வார்த்தை பேசுகிறவள்.

முதல் வாரமே ஆரம்பித்துவிட்டார்கள்.
தோள் அகண்டு போயிரும்.
புடவை நிக்காது.
போட்டோவுல பாதி இடம் ஒனக்கே வேணும்.
டெய்லர் நாகமணி என் புஜத்தில் டேப்பைச் சுற்றி
உதட்டைப் பிதுக்கினாள்:
"உள்ள ஒரு இஞ்ச் துணி விட்டே தைக்கறன், எதுக்கும்."

எதுக்கும்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் பயம்தான்.
மூன்று மாதம்
ரோஸ் கலர் இரண்டு கிலோவைத் தாண்டவில்லை.
கண்ணாடி முன் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி
என்னைத் தேடினேன்,
யாரோ ஓர் ஆம்பளை
என் சுடிதாருக்குள் வந்துவிட்டானா என்று.

அடக்கமா இரு என்று வளர்த்த உடம்பு இது.
பஸ்ஸில் முழங்காலைச் சேர்த்து,
பந்தியில் முழங்கையை மடக்கி,
குறைந்த இடத்தில்
குறைந்த சத்தத்தில்.
பட்டறையிலும் அந்தச் சொல் உண்டு,
அடக்க விலை.
அதற்குக் கீழே யாரும் விற்பதில்லை.
எனக்கு அதைக் கேட்க
முப்பத்து நாலு வயதாகிவிட்டது.

ஒருநாள் பொன்னுருவி மாடியேறி வந்தாள்.
கீழே நூல் மூட்டை இறக்குகிறவள்.
தலையில் சும்மாடு அப்படியே இருந்தது.
நான் எண்பதைத் தூக்கி நிமிர்ந்து
திரும்ப வைக்கும்வரை பார்த்தாள்.
"இதத் தூக்குனா எவ்ளோ தருவாங்க?"
"நான்தாங்க்கா தர்றன். மாசம் எழுநூறு."
படியில் உட்கார்ந்துவிட்டாள்,
சிரித்துச் சிரித்துச் சும்மாடு கீழே விழுந்தது.
போகும்போதும் படிக்குப் படி நின்று சிரித்தாள்.
அவள் தோளைப் பற்றி
இந்தத் தெருவில் எவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இரண்டு வருடம் ஆயிற்று.
எல்லோரும் எச்சரித்த அந்தப் பெரிய உடம்பு
இன்னும் வந்து சேரவில்லை.
ஆறு ரவிக்கைகளில்
நாகமணி விட்ட ஒரு இஞ்ச்
பிரிக்காமல் கிடக்கிறது,
வராத விருந்தாளிக்கு விரித்த பாய் மாதிரி.
அவ்வளவு தூக்கியும் இவ்வளவுதானா
என்று சில நாள்
எனக்கே கொஞ்சம் வருத்தம்.

போன ஆவணியில் தம்பி கல்யாணம்.
பீரோவிலிருந்து வெள்ளி வங்கியை எடுத்துப் பூட்டினால்
கொக்கிக்கும் கண்ணிக்கும் நடுவே
ஒரு நெல்மணி இடைவெளி.
அத்தை பார்த்தாள்.
"நான் சொன்னனா இல்லயா" என்ற அந்த முகம்.

மறுநாள் பட்டறைக்குக் கொண்டு போனேன்.
சோலையப்பன் ஒரு வளையம் கூட்டிப் பற்றவைத்தார்.
முதலாளி என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்,
செய்கூலி தனி.
ஆறியதும் நானே தராசில் வைத்தேன்.
பழைய எடையைக் கழித்தேன்.
மின்விசிறியை நிறுத்தச் சொல்லவில்லை,
எண் தானாக நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.

இரண்டு கிராம் முந்நூற்று நாற்பது மில்லி.

பேரேட்டில் வாடிக்கையாளர் பெயர் எழுதும் இடத்தில்
கோகிலவாணி என்று
இந்தத் தடவை
கட்டத்துக்கு வெளியே போகும்படி எழுதினேன்.