நான்காவது தகடு

நான் சுடுவதில்லை.
ஒவ்வொரு குழுவும் சுட்டு முடித்து
துப்பாக்கிகளைக் காலி செய்த பின்
நடந்து போய் ஐந்து தகடுகளுக்கும்
வெள்ளை அடிப்பவள்.
"வெர்லா, பெயிண்ட்!" என்பார்கள்.
கிழக்கு ஓரிகனில், அக்டோபர் முழுக்க
என் நகங்கள் வெள்ளையாகவே இருக்கும்.

சுடுகிறவர்களுக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்.
டிங் என்றால் பட்டது.
மண் எழுந்தால் படவில்லை.
எனக்குத் தெரிந்தது தகட்டின் முகம்.
நல்ல எஃகில் ஈயம் மோதி
தூளாகி
காலடிப் புல்லில் அரைவட்டமாய்ச் சாம்பல் உதிர்க்கும்.
அங்கேதான் அது விழவேண்டும்.

நான்காவது அப்படியில்லை.
உடைந்துபோன அறுவடை இயந்திரத்தின் வயிற்றிலிருந்து
டோர்சி டீகார்டன் வெட்டியெடுத்து
காசு வாங்காமல் தொங்கவிட்டது.
மெத்தென்ற இரும்பு.
அம்மை கண்டதுபோல் குழி குழியாய்.
குழிக்குள் போன ஈயம்
வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும்.
சொன்னேன்.
"அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம், வெர்லா."
சரியென்று
குழிகளுக்குள்ளும் வெள்ளை அடித்தேன்.
பத்து கஜத்திலிருந்து பார்த்தால்
ஐந்தும் ஒரே நிலா.

அன்று குளிர்.
மூச்சு மேலேறி எல்லோர் கண்ணாடியிலும் பனி பூத்தது.
டெல்ஃபீன், டைமர் பிடிப்பவள்,
சுடுபவனுக்கு ஓரெட்டுப் பின்னால் நிற்பவள்,
கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தாள்.
மூன்று விநாடி.

கண்ணை இமை காக்கும் என்பது பேச்சுக்கு.
இமை சோம்பேறி.
திருடன் உள்ளே வந்த பிறகு
கதவைச் சாத்தும்.

டிங்.

அவளுக்கு ஒன்றுமில்லை.
மாட்டிக்கொண்டாள். நேரத்தை உரக்கப் படித்தாள்:
நான்கு புள்ளி ஒன்று ஒன்பது.
யாரோ கைதட்டினார்கள்.

பெஞ்சுக்கு அடியிலிருந்து பிக்கிள் எழுந்து வந்தது,
டோர்சியின் நாய்.
காதில் பூச்சி புகுந்தாற்போலத் தலையை உதறியது.
மறுபடி உதறியது.
பிறகு வலப்பக்க முகத்தை
அவர் முழங்காலில் வைத்துத் தேய்த்தது.
காக்கித் துணியில் ஒரு சிவப்புக் கோடு,
பெயிண்ட் என்றுதான் முதலில் நினைத்தேன்.
என்னிடம் சிவப்பே கிடையாது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
எய்தவன் ஹாஸ்கெல்,
நடுவில்தான் அடித்தான், விதிப்படி நின்றுதான் அடித்தான்.
நோவதென்றால் யாரை நோவது?
முப்பது பேர் இருந்தோம், முப்பது ஜோடிக் கண்ணாடி,
அந்த மூன்று விநாடிக்கு இருபத்தொன்பது.
நாய்களைப் பற்றி விதிப்புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

மருத்துவர் எடுத்துக் காட்டியது
அரிசி நொய்யளவு செம்பு.
மாத்திரைக் குப்பியில் போட்டு டோர்சியிடம் கொடுத்தார்.
கண்ணை வைத்துக்கொள்ள முடியவில்லை.

அன்றிரவு சமையலறை விளக்கடியில்
என் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
இடப்பக்கம் ஒரு பொட்டு.
எந்தச் சனிக்கிழமை விழுந்தது, தெரியாது.
மாட்டிக்கொண்டு சுவர்க் கண்ணாடி முன் நின்றேன்:
கருமணிக்கு நேராக.

இப்போது தகடுகள் புதியவை, கெட்டியானவை.
திட்டு வாங்குகிறவர்களைப்போல் முகம் குனிந்து தொங்குகின்றன.
நாய்கள் பிக்கப் வண்டியில்தான் இருக்கவேண்டும்;
பலகையில் எழுதியது நான், வெள்ளையில்.
டெல்ஃபீன் பக்கவாட்டையும் மூடுகிற கண்ணாடி வாங்கினாள்,
வீடு போய்ச் சேரும்வரை கழற்றுவதில்லை,
பெட்ரோல் போடும்போதும்கூட.
"நான் மட்டும் அன்றைக்கு" என்று தொடங்குவாள்.
மீதியை யாரும் கேட்பதில்லை.

டோர்சி நான்காவதைத் தானே இறக்கினார்.
எங்கே கொண்டுபோனார் என்று சொல்லவில்லை.
அதற்கு மாற்று இன்னும் வரவில்லை.
சட்டத்தில் இரண்டு சங்கிலிகள் சும்மா தொங்குகின்றன.
சேஜ் புதர்களைத் தாண்டிக் காற்று வரும்போது
ஒன்றோடொன்று உரசி
மெல்ல ஒரு டிங்.

யாரும் சுடவில்லை, தெரியும்.
மதிய உணவு நேரம், எல்லோர் கையிலும் ரொட்டி.
ஆனாலும் முப்பது கைகள்
காதோரம் போய்
கண்ணாடிக் காம்பைத் தொட்டுவிட்டுத் திரும்புகின்றன.
வண்டிக்குள்ளிருந்து பிக்கிள்
இடக்கண்ணை மட்டும் ஜன்னலில் வைத்து
எங்களைப் பார்க்கிறது.