முக்கால் கிலோமீட்டர்

ஆறரைக்கு என்றுதான் பேச்சு.
ஏழேகாலுக்கு மேடவாக்கம் கூட்ரோட்டில்
மூன்று ஸ்கூட்டர், ஒரு கார், ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து
இறங்கி முடித்தோம்.
நான்கு குடும்பம். ஒன்பது பிள்ளைகள்.
ஒன்று இன்னும் தூக்கத்தில்.
இன்னொன்றின் இடதுகால் ஷூ வீட்டில்.

வழி கிளமெண்ட்டின் போனில் இருந்தது.
நன்மங்கலம் காட்டுக்குள் ஒரு நீலக்கோடு,
போக வர நாலு கிலோமீட்டர்,
முடிவில் பழைய கல்குவாரிக் குளம்.
"மிஞ்சிப்போனா ஒன்றரை மணி நேரம்" என்றார்,
மூன்று பெற்ற மனிதர்.

இரவு பெய்த மழையில் மண் காயவில்லை.
முதல் திருப்பத்திலேயே அஸ்ரா உட்கார்ந்துவிட்டாள்.
ஒரு தம்பலப்பூச்சி.
தலைகள் வட்டமாகக் குனிந்தன.
தொடலாமா, கடிக்குமா, இதற்கு அம்மா உண்டா.
"இது சோபா துணியில செஞ்சது"
என்று முடிவாயிற்று.
அது ஒரு புல்லைக் கடப்பதற்குள்
நாங்கள் பெரியவர்கள்
ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தின்றிருந்தோம்.

எனக்கு நடப்பது பிடிக்காது, சொல்லிவிடுகிறேன்.
ஃபர்ஹானா கூப்பிட்டாளே என்று வந்தேன்.
அதோடு, பதினோராவது மாடியில்
என் மகன் மகிழன்
சோபாவிலிருந்து டீப்பாய்க்கு,
டீப்பாயிலிருந்து நாற்காலிக்கு
நாளெல்லாம் தாவுகிறான்.
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால்
தன் கூரையைத் தட்டுகிறார்.
இங்கே ஒவ்வொரு பாறையிலிருந்தும் அவன் குதித்தான்,
குதித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.
யாரும் தட்டவில்லை.

வளைவுக்கு வளைவு எண்ணுவது என் வேலை.
தலையைத் தொட்டுத் தொட்டு.
ஈச்சம்புதர் தாண்டி: ஒன்பது.
கரையான் புற்றருகே: ஒன்பது.
களாச்செடி முள்ளில் துப்பட்டா மாட்டிக்கொண்டது,
விடுவித்துவிட்டு எண்ணினேன்: பத்து.
மறுபடியும். பத்து.
குறைந்தால் கத்தலாம்.
கூடினால் என்ன செய்வது?

பத்தாவதுக்கு எட்டு வயதிருக்கும்.
ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிப் பாவாடை,
கையில் தூக்குச்சட்டி.
தம்பலப்பூச்சியிலிருந்தே கூட வருகிறாளாம்.
பேர் செவ்வந்தி.
நாற்றங்காலில் தண்ணீர் ஊற்றும் அம்மாவுக்கு இட்லி.
தினமும் இதே வழி, பத்து நிமிஷம்.
இன்று ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது.

"ஐயோ, இட்லி ஆறிடுச்சே கண்ணு."
"அது அப்பவே ஆறிடுச்சு.
நீங்க ஏன் இவ்ளோ பை வெச்சிருக்கீங்க?"

மாற்று உடை, ஈரத்துணி, முறுக்கு,
கொசு மருந்து, குடை, ஆறு பாட்டில்.
யாரும் பதில் சொல்லவில்லை.

"அந்தப் பாறை இடுக்குல கொம்பு ஆந்தை தூங்கும்.
சத்தம் போட்டா ஒரு கண்ணு மட்டும் தொறக்கும்."
சொன்னாள், அவ்வளவுதான்.
நான்கு நிமிடம் எந்தப் பிள்ளையும் பேசவில்லை.
எனக்குப் பாறைதான் தெரிந்தது,
பாறையில் வெயில்.
தூங்கி எழுந்த பிள்ளை உட்பட
அத்தனை பேரும் அந்த ஒரு கண்ணைப் பார்த்ததாகச்
சத்தியம் செய்தார்கள்.

பாதை பிரியும் இடத்தில்
தூக்குச்சட்டி ஆடாமல் அவள் ஓடிப்போனாள்.
எண்ணினேன்: ஒன்பது.
கணக்கு சரி.
ஒன்று குறைவதாகவே இருந்தது.

ஒற்றை ஷூக்காரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு
கிளமெண்ட் போனைப் பார்த்தார்.
நீலக்கோட்டில் முக்கால் கிலோமீட்டர் வந்திருந்தோம்.
குளம் எங்கேயோ இருந்தது.
பசிக்கிறது என்று அஸ்ரா ஆரம்பித்தாள்,
ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டார்கள்.
திரும்பினோம்.

திங்கட்கிழமை வாஷிங் மெஷின்
கடகடவென்று அலறியது.
நிறுத்தித் துழாவினால்
மகிழனின் கால்சட்டைப் பையில் ஒரு கருங்கல் சில்லு,
சோப்பு வாசனையோடு.
குப்பைக்கூடையைத் திறந்தேன்.
"போடாதம்மா, அது அவளோடது!
வெச்சுக்கோ, வந்து வாங்கிக்கறேன்னா,
மறந்துட்டுப் போயிட்டா."

ஃபர்ஹானாவுக்குச் செய்தி அனுப்பினேன்:
வர்ற ஞாயிறு ஆறரை.
ஏழேகால்னே போட்டுடு.