பட்டை

கீரிப்பாறையில் பால் அளக்கிறேன்.
பசும்பால் இல்லை, ரப்பர்பால்.
யாருடைய வாளி, எத்தனை லிட்டர்,
குறைந்தால் என்ன காரணம்.
நோட்டில் மூன்று கட்டம், பதினோரு வருஷம்.

யார் வாயையும் மோந்து பார்த்ததில்லை நான்.
பட்டை போட்டவனைப் பட்டையே காட்டிக்கொடுக்கும்.
நூல் கனத்துக்குத் தோல் விட்டு
நிற்க வேண்டும் கத்தி.
ராத்திரி குடித்தவன் கை
விடியக்காலம் மூணு மணிக்கு
அந்த நூலில் நிற்காது,
தடிக்குள் இறங்கிவிடும்.
அங்கே மரம் முண்டு கட்டும்.
பிறகு அந்த இடத்தில் ஆயுசுக்கும் கத்தி ஓடாது.

ஏழாம் பிளாக், ஞானாபரணத்தின் வரிசை:
முதல் நாலு மரத்தில் காயம்.
ஐந்தாவதிலிருந்து கோடு போட்டதுபோல் நேர்வெட்டு.
இடையில்
மடியிலிருந்த குப்பியைத் திறந்திருக்கிறார்.
குடித்தால்தான் கை நிற்கும் என்கிற இடத்துக்கு
அவர் வந்து சேர்ந்ததை
அவர் மனைவிக்கு முன்னால் நான் அறிந்தேன்.

வெட்டுகிறவர்கள் இருபத்திமூணு பேர்.
காயமில்லாத வரிசை நாலு,
அதில் ரெண்டு பெண்களுடையது.
உரித்து விற்ற ஒட்டுப்பால்
சாயங்காலம் தடிக்காரன்கோணம் வண்டியில் இறங்கிப்போய்
குப்பியாகத் திரும்பி வரும்.

நானும் யோக்கியம் இல்லை.
காரணம் என்ற கட்டத்தில் மழை என்று எழுதுவேன்.
குடி என்று எழுதினால் வேலை போகும்.
வேலை போனால் குடி போகுமா?
பொட்டு மேகம் இல்லாத தை மாசத்திலும்
என் நோட்டில் மழை பெய்திருக்கிறது.
றசல்ராஜுக்கு ஒரே வருஷத்தில்
முப்பத்தெட்டு நாள் மழை.
அவன் என் வீட்டுக்காரன்.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
சுவர் முழுக்க எறும்பு ஊருகிறதென்று
கட்டிலில் ஏறி நின்று தட்டிக்கொண்டே இருந்தான்,
வெள்ளைச் சுவரை.
அவன் வெட்டிய மரங்கள்
முண்டும் முடிச்சுமாக இன்னும் நிற்கின்றன.
அந்த வழி போகும்போது
வாளியைக் கை மாற்றிக்கொள்வேன்.

ஞானாபரணம் விழுந்தபின்
மகன் ஜெபின் வந்தான். பத்தொன்பது வயசு.
“அப்பாவைப் பாத்த பெறவு
நான் அதத் தொடுவனா அக்கா?”
தொடவில்லை. வாடையே கிடையாது.
இன்றைக்கு முந்நூறு மரமும் நேர்வெட்டு,
ஒரு காயம் இல்லை.
வாளி மட்டும் வரவில்லை.

போய்ப் பார்த்தேன்.
அத்தனை சிரட்டையும் கவிழ்ந்தபடி.
நிமிர்த்தி வைக்க மறந்திருக்கிறான்.
சிரட்டை முதுகில் விழுந்து
வேரில் வழிந்து
சருகைச் சருகோடு ஒட்டி
உறைந்து கிடந்தது
முந்நூறு மரத்துப் பால்.

கடைசி மரத்தடியில்
ஹெட்லைட்டை அணைக்காமல்
வெயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.
சட்டைப் பையில் மாத்திரை அட்டை.
பத்தில் மூணு மிச்சம்.
“தலைவேதனைக்கு உள்ளது அக்கா.”
எப்போதிருந்து?
“ஒம்பதாம் கிளாஸ்.”

இதை எந்தப் பட்டையிலும்
எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

நோட்டைத் திறந்தேன்.
பால்: இல்லை.
காரணம்:
பழக்கதோஷம், பேனா அதுவாக
‘ம’ என்று எழுதிவிட்டது.
மழைக்கும் மாத்திரைக்கும் அதே எழுத்து.

நூலளவு நடுங்கியது
என் கை.
துணைக்காலை இழுத்தேன்.