தாய்ப்பத்திரம்

பொன்னேரி சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்
என் மேசைக்குப் பூவரச நிழல் பதினொரு மணிவரைதான்.
அதற்குள் வந்துவிட்டார்கள்.
விற்பவர் பெஞ்சலய்யா. வாங்குபவர் அண்ணா நகர்.
நடுவில் தரகர் இத்ரீஸ், கையில் எனக்கென்று
ஐஸ் போட்ட இறால் பொட்டலம்.

பழவேற்காட்டில் ஒன்பது சென்ட்.
"தாய்ப்பத்திரம் எங்கே?" என்றேன், வழக்கம்போல.

எழுபத்தெட்டு இருந்தது.
ஐம்பத்தொன்று இருந்தது, தெலுங்கில்,
கரையான் மென்ற ஓரத்தோடு.
அதற்கும் முன்னால் ஒரு கச்சாத்து, கையெழுத்தில்லாமல்.
அதற்கும் முன்னால்?
"கோட்டைக் காலத்திலேருந்து எங்க அனுபவம்மா" என்று
கையை வீசினார் பெஞ்சலய்யா,
தூண்டிலை வீசுவதுபோல்.

கோட்டைக் காலம் பதிவுச் சட்டத்தில் இல்லை.

செக்குபந்தி எழுத நேரில் போனேன்.
வடக்கே அகழி மேடு, அதில் முழுக்கச் சீமைக்கருவேலம்.
மேற்கே போகவரப் பாதை.
தெற்கே ஷை பெஞ்சலய்யா தம்பியின் மாட்டுக்கொட்டகை.
கிழக்கே ஏரி. ஏரியை எல்லையாகக் கொள்ள முடியாது;
ஆந்திராவில் வற்றினால் இங்கே வந்து ஒதுங்குகிறது,
மழையில் திரும்பவும் அங்கே போய்விடுகிறது.

துணி வாங்க வந்தவன் கிடங்கு கட்டினான்.
கிடங்குக்குச் சுவர், சுவருக்குப் பீரங்கி,
பீரங்கிக்கு மருந்து, மருந்து இடிக்க ஆள்,
ஆள் தூங்க ஒரு தெரு.
இப்படித்தான் ஊராயிற்று என்றேன்.
இத்ரீஸ் விடவில்லை:
"அவன் இறங்குறப்பவே கரையில நின்னு
விலை பேசினது எங்காளுங்க, மேடம்."
சரி. அதற்கும் பத்திரம் இல்லை.

டச்சுக்காரன் போகும்போது இரண்டு சொல்லை
எடுத்துப்போக மறந்தான்: துட்டு, கக்கூஸ்.
முதலாவது இங்கே யாரிடமும் தங்குவதில்லை.
இரண்டாவதற்குக் குப்பத்தில் இன்னும்
மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், மனுவுக்கு இருபது ரூபாய்.

கல்லறைத் தோட்ட வாசலில் கல்லில் இரண்டு எலும்புக்கூடு.
உள்ளே படுத்திருப்பவர்களுக்கு என்ன சுத்தமான பதிவு!
பெயர், தேதி, பதவி, குடும்ப முத்திரை.
ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.
பொறாமையாகத்தான் இருந்தது.

பிறகு ஞாபகம் வந்தது, பஞ்ச வருஷங்களில்
இதே துறையில் கப்பலேறியவர்கள்.
ஒரு படி அரிசிக்கோ, அதுவும் இல்லாமலோ
பத்தாவியாவுக்குப் போனவர்கள்.
கணக்கில் தலை இருக்கும், பெயர் இருக்குமோ என்னவோ.
என் படிவத்தில் விற்பவருக்கு ஒரு பத்தி,
சொத்து விவரத்துக்கு ஒரு பத்தி.
விற்பவரும் சொத்தும் ஒரே ஆளாக இருந்தால்
எதில் எழுதுவது?

அண்ணா நகர் கேட்டார்: "கோட்டை பேரையே
ரிசார்ட்டுக்கு வெச்சா சட்டச் சிக்கல் வருமா?"
வராது என்றேன்.

இயந்திரம் பெஞ்சலய்யாவின் பெருவிரலை எடுக்கவில்லை.
வலை இழுத்து இழுத்து ரேகை போய்விட்ட விரல்.
துடைத்து வைத்தார். எண்ணெய் தடவி வைத்தார்.
நாலாவது தடவை இடது கை.
"நேனேனம்மா, நான்தான்" என்று
இரண்டு மொழியிலும் இயந்திரத்திடம் சொன்னார்.

'ஷை சொத்தில் வேறு எவருக்கும்
எவ்விதப் பாத்தியதையும் இல்லை'
என்று இருபத்திரண்டு வருஷமாக டைப் செய்கிறேன்.
விரல் தானாகப் போகும். இன்று
'எவருக்கும்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றது.
கரண்ட் போவதற்குள் அச்செடுக்க வேண்டும்.
எடுத்தேன்.

நிழல் போய்விட்டது.
பொட்டலத்தின் ஐஸ் உருகி மேசையில் ஓடி
முத்திரைத்தாளின் கிழக்கு ஓரத்தைத் தொட்டது.
தூக்கி உதறிவிட்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.