சுவருக்குள் போன சாந்து

நவம்பர். ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில்
எட்டு மணி வரை வெளிச்சம் வேலைக்கு வருவதில்லை.
நாங்கள் ஏழரைக்கே பம்பை முடுக்கிவிட்டோம்.
கீழே ஆறு,
பால் ஊற்றாத தேநீரின் நிறத்தில்
ஒன்றும் அறியாததுபோல் போய்க்கொண்டிருந்தது.

இருநூறு வருடச் சுவர்.
கம்பளி ஆலைக்காரன் கட்டியது,
தன் சரக்கு நனையக்கூடாது என்று.
ஆலை போயிற்று, சரக்கும் போயிற்று.
நனையாமல் இருக்கும் கவலை மட்டும்
பின்னால் குடிவந்த நாற்பத்திரண்டு வீடுகளுக்கு.

ஒன்பது மீட்டர் துளை. உள்ளே எஃகுக் கம்பி.
கம்பியைச் சுற்றிச் சாந்து.
"அழுத்தம் ஏறவில்லை" என்றான் ஒவிதியூ.
இன்னொரு மூட்டை. ஏறவில்லை.
பதினான்காவது மூட்டையையும்
விழுங்கிவிட்டு நின்றது சுவர்,
ஒரு ஏப்பம்கூட விடாமல்.

அப்போதுதான் எஃபி ரெனிக்
வீட்டுச் செருப்போடு தெருவுக்கு வந்தாள்.
பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்; அன்று விடுப்பு.
கையில் ஒரு உருளைக்கிழங்கு,
பாதிக்குச் சாம்பல் பூசி, ஈரமாய்.
"இது உங்களுடையதா?"

நிலவறையில் இறங்கினோம்.
பலகைக்கல்லின் ஓரம் வழியே
எங்கள் சாந்து மெல்ல ஊறி
கிழங்குக் கூடையைச் சூழ்ந்துகொண்டிருந்தது.
கதவு நிலையில் பென்சில் கோடுகள்.
பிள்ளைகள் வளர்ந்த உயரம் என்று நினைத்தேன்.
"பிள்ளைகளா? ஆறு" என்றாள்.
முழங்கால், இடுப்பு, மறுபடி முழங்கால்,
கடைசிக் கோடு என் தாடைக்கு நேராக.

சுவரைத் தாண்டி வரவில்லை அது, ஒருபோதும்.
சுவருக்குள்ளேயே
ஒரு சந்து வெட்டி வைத்திருந்திருக்கிறது:
கல்லை விட்டுவிட்டு
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்ததைக்
கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைத்து.
முகம் முழுசாக இருந்தது. வயிறு காலி.

மதியம் முழுக்க மண்டியிட்டுச் சுரண்டினோம்.
சூப் கொடுத்தாள்.
பில்லும் வரும் என்றாள்.

சந்து நிறைய முப்பத்தொரு மூட்டை ஆயிற்று.
பிறகு சுவரை உயர்த்தினோம், அறுபது சென்டிமீட்டர்.
தலைக்கற்களைக் கழற்றி, சாக்பீஸில் எண் போட்டு,
அதே வரிசையில் மேலே ஏற்றினோம்
(எழுபத்தொன்று நான்காக உடைந்தது. என்னால்தான்).
பாலத்தருகே ஒரு விரிசலைச் சுற்றி மட்டும்
மஞ்சள் வட்டம்: அடைக்காதே.
உள்ளே வவ்வால்கள்.
பொறியாளர் கேத்ரியோனா கேமராக் குழாயை விட்டு
மூன்று முறை எண்ணினாள்.
மூன்று முறையும் வேறு வேறு கணக்கு.
பெரியதை எழுதிக்கொண்டாள்.

எஃபியின் சமையலறை மேசையிலிருந்து
இப்போது ஆறு தெரிவதில்லை.
நகரசபைக்கு எழுதினாள்.
வரைபடப்படி எல்லாம் சரி என்று பதில்.
போன வாரம் பில்லுக்குக் கையெழுத்து வாங்கப் போனேன்.
நாற்காலியின் நாலு காலுக்கும் கீழே
எழுபத்தொன்றின் நாலு துண்டு.
ஒரு துண்டில் என் சாக்பீஸ் ஏழு இன்னும் அழியவில்லை.
ஏறி உட்கார்ந்து கழுத்தை நீட்டினாள்.
"போதவில்லை. தண்ணீர் கண்ணில் படவில்லை" என்றாள்.
"பெருகினால் படும்."